காதோரத்து ஒரு சொட்டு ரத்தம்

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் மாடு வைத்திருக்கும் பலருக்கும் பழகிய புதிர் இது. ஒரே கட்டுத்தரையில் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்றும் நாட்டு மாடு ஒன்றும் அருகருகே நிற்கின்றன. தின்பது ஒரே சோளத்தட்டு, குடிப்பது ஒரே தொட்டித் தண்ணீர். இரண்டின் காதுமடலிலும் மடியோரத்திலும் உண்ணி இருக்கிறது. கோடை மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் கலப்பினப் பசு தீனியை ஒதுக்குகிறது. உடம்பு கொதிக்கிறது. இரண்டு வேளைக்குள் பால் பாதியாகிறது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் நெறி கட்டுகிறது. ஒரு வாரத்தில் கண்ணின் உள்சதை வெளுத்து, எழ முடியாமல் படுத்துவிடுகிறது. நாட்டு மாடு அசைபோட்டபடி நிற்கிறது.

‘நாட்டு மாட்டுக்குத் தெம்பு அதிகம்’ என்று சொல்லி முடித்துவிடலாம். அது தவறும் இல்லை. ஆனால் அந்தத் தெம்பு பிறப்பிலேயே வந்ததா, கன்றாக இருந்தபோது உண்ணிக்கடி பட்டுப்பட்டு வந்ததா? நோய்க்கிருமி நாட்டு மாட்டின் உடம்புக்குள் நுழையவே இல்லையா, நுழைந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையா? இப்படிக் கேட்கத் தொடங்கினால் உயிரியலின் மிக அழகான சோதனைகள் சிலவற்றின் வழியாக நடந்து, கடைசியில் கண்ணாடித் துண்டில் இழுத்த ஒரு சொட்டு ரத்தத்தின் முன் வந்து நிற்போம். தருமபுரி போன்ற மாவட்டத்தில் இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. மானாவாரி நிலம் கைவிடும் ஆண்டில் வீட்டுச் செலவு சங்கத்தில் ஊற்றும் பாலில்தான் ஓடுகிறது. அந்தப் பாலில் பெரும்பகுதி கலப்பினப் பசுக்களின் பால்.

மாட்டின் ரத்தத்தில் குடியேறும் நுண்ணுயிர்களில் நான்கைத் தெரிந்துகொண்டால் நம் ஊருக்குப் போதும்: தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா, டிரிப்பனோசோமா. தைலேரியாவும் பபேசியாவும் மலேரியாக் கிருமிக்கு உறவு. ஒரே ஒரு செல்லால் ஆன உயிர்கள். டிரிப்பனோசோமாவும் ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் அது வேறு குலம். அனாபிளாஸ்மா ஒரு பாக்டீரியா. முதல் மூன்றையும் பெரும்பாலும் உண்ணி ஏற்றுகிறது. நான்காவதைக் குதிரை ஈ எனப்படும் பெரிய கடி ஈக்கள் ஏற்றுகின்றன. நான்குமே காய்ச்சலைத் தரும், பாலைக் குறைக்கும், ரத்தத்தை வற்றவைக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே நோய் மாதிரித் தெரியும். ஆனால் ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைத் தொடக்கூட முடியாமல் போகலாம். இந்தக் கட்டுரையின் சாரமே இந்த ஒரு சிக்கல்தான்.

முதலில் உண்ணி. உண்ணி ரத்தம் குடிக்கும், மாடு இளைக்கும் என்பது மாடு வளர்த்த எல்லோருக்கும் எப்போதும் தெரியும். உண்ணி நோயையும் ஏற்றிவிடுகிறது என்பதை நிரூபிக்க 1893 வரை ஆயிற்று. அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்றொரு கொள்ளைநோய் இருந்தது. தெற்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகள் நல்ல திடமாக இருக்கும். அவை மேய்ந்துபோன புல்வெளியில் பிறகு மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கொத்துக் கொத்தாகச் சாகும். நம் கட்டுத்தரைப் புதிருக்கு நெருங்கிய புதிர். மாட்டுக்காரர்கள் உண்ணியைத்தான் சந்தேகித்தார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

தியோபால்ட் ஸ்மித் என்ற ஆய்வாளரும் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் மாட்டுக்காரர்களின் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க முடிவெடுத்தார்கள். வாஷிங்டன் அருகே வேலி அடைத்த வயல்கள். ஒன்றில் உண்ணியோடு வந்த தெற்கத்தி மாடுகளையும் வடக்கத்தி மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொன்றில் தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிவிட்டுச் சேர்த்தார்கள். மூன்றாவதில் தெற்கத்தி மாடே இல்லை. உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். முதல் வயலிலும் மூன்றாவது வயலிலும் வடக்கத்தி மாடுகள் காய்ச்சலில் விழுந்தன. நடு வயலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆய்வுக்கூடத்தில் முட்டை பொரித்த, அதுவரை எந்த மாட்டையும் கடித்திராத உண்ணிக் குஞ்சுகளை மாட்டின் மேல் விட்டார்கள். அப்போதும் காய்ச்சல் வந்தது. தாய் உண்ணி குடித்த ரத்தத்திலிருந்த கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போயிருந்தது. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897-இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே மாட்டு உண்ணி இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அந்தக் கிருமிதான் பபேசியா. ருமேனியாவின் விக்டர் பாபேஸ் 1888-இல் மாட்டின் சிவப்பணுக்களுக்குள் முதலில் இதைக் கண்டதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

தெற்கத்தி மாடுகள் ஏன் சாகவில்லை? அவை வேறு இனம் என்பதாலா? அங்கே விடை இளமையில் இருந்தது. உண்ணி நிறைந்த ஊரில் பிறந்த கன்று சில மாதங்களுக்குள்ளேயே கடிபடுகிறது. பபேசியா, அனாபிளாஸ்மா இரண்டுக்கும் ஒரு விசித்திர குணம் உண்டு: வளர்ந்த மாட்டைவிடக் கன்றுகள் இவற்றை எளிதாகத் தாங்கும். லேசான காய்ச்சலோடு கன்று மீண்டுவிடும். கிருமி முழுதும் ஒழியாமல் மிகக் குறைந்த எண்ணிக்கையில் ரத்தத்தில் தங்கிவிடும். மாடு வாழ்நாள் முழுக்க நோயில்லாமல் இருக்கும். ஆனால் அதைக் கடிக்கும் உண்ணிக்குக் கிருமியை வழங்கிக்கொண்டும் இருக்கும். இப்படிப்பட்ட மாட்டை நோய்சுமப்பி என்போம். உண்ணியே தெரியாத பண்ணையில் வளர்ந்து, ஈற்றுக்குப் பிறகு சந்தையில் விற்கப்பட்டு, தருமபுரிக் கட்டுத்தரைக்கு வரும் பசுவுக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. வாங்கி வந்த மாடு வந்த சில வாரத்தில் படுத்துவிட்டது, கண்ணுபட்டுவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. கண்ணில் படாத காரணம் பல நேரங்களில் இதுதான்.

ஆனால் தைலேரியாவின் கதை இதோடு முடியாது. அது இன்னும் ஆழமான உயிர். ‘தைலேரியா அனுலாட்டா’ என்ற இனம் 1904-இல் காகசஸ் மலைக்கு அப்பாலுள்ள பகுதியில் விவரிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற கால்நடை ஆய்வாளர் ஆர்னால்ட் தைலர் நினைவாகப் பேரினத்தின் பெயர் அமைந்தது. இந்தியாவில் கலப்பின மாடுகளை மிக அதிகமாக வாட்டும் ரத்த ஒட்டுண்ணி இதுவே. இதை ஏற்றுவது ‘ஹயலோமா’ என்ற பழுப்பு உண்ணி. கோடு போட்ட நீண்ட கால்கள் இருப்பதால் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம்.

உண்ணியின் எச்சிலோடு மாட்டின் தோலுக்குள் வரும் தைலேரியா நேராகச் சிவப்பணுவைத் தேடிப் போவதில்லை. அது நுழைவது வெள்ளணுக்களுக்குள், குறிப்பாகக் கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய விழுங்கணுக்களுக்குள். காவல் செல்லுக்குள்ளேயே போய் அமர்ந்து, தன் கருவை மட்டும் பலமுறை பிரித்துக்கொண்டு, பல கருக்கள் கொண்ட ஓர் உருவாக வளர்கிறது. இதைப் பல்கருவுரு என்று அழைக்கலாம். அடுத்து நடப்பதுதான் ஆய்வாளர்களை இன்றுவரை வியக்கவைக்கிறது. பல்கருவுரு தான் குடியிருக்கும் வெள்ளணுவை நிறுத்தாமல் பிளக்கவைக்கிறது. ஒரு செல் இரண்டாகப் பிளக்கும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கும் மெல்லிய நார்கள் தோன்றும். ஒட்டுண்ணி அந்த நார்களைப் பிடித்துக்கொண்டு தானும் இரண்டாகிறது. செல் இரண்டானால் ஒட்டுண்ணியும் இரண்டு, நான்கானால் நான்கு. புற்றுநோயில் நடப்பதற்கும் இதற்கும் அவ்வளவு நெருக்கம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: ஒட்டுண்ணியை மருந்தால் கொன்றால், அந்த வெள்ளணு வெறிபிடித்த பிளவை நிறுத்திவிடுகிறது. புற்று ஆய்வாளர்கள் மாட்டு நோய் ஒன்றைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தோளருகே நெறி கட்டுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். பிளந்து பெருகிய வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுவில் திரண்டு நிற்கின்றன. அவற்றிலிருந்து பிறகு வெளிப்படும் சிற்றுருவங்கள்தான் சிவப்பணுக்களுக்குள் நுழைகின்றன. அதாவது சிவப்பணுவில் தைலேரியா தெரியும் நேரத்தில் நோய் ஏற்கெனவே பாதிவழி வந்துவிட்டது. கட்டிய நெறியைக் கையால் தடவிப் பார்க்கத் தெரிந்தவர் சில நாட்களை மிச்சம் பிடிக்கிறார். அந்தச் சில நாட்களில்தான் பசு பிழைக்கிறது.

இனி முதல் கேள்விக்குத் திரும்பலாம். நாட்டு மாடு தைலேரியாவைத் தாங்குவது இளமையில் பட்ட கடியாலா, பிறப்பாலா? இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, உண்ணியையே பார்த்திராத இருவகைக் கன்றுகளுக்கும் ஒரே அளவு கிருமியைக் கொடுப்பது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் எலிசபெத் கிளாஸ் குழுவினர் இதைச் செய்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்டீன் கன்றுகள். மறுபக்கம் திமில் கொண்ட இந்திய இனமான சாகிவால் கன்றுகள். இரண்டிலும் தொற்று ஏறியது. ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடும் காய்ச்சலில் வீழ்ந்தன. சாகிவால் கன்றுகள் மருந்தில்லாமலே மீண்டன. பெரிய வேறுபாடு கன்றின் உடல் கிருமிக்கு எப்படி எதிர்வினை செய்தது என்பதில் இருந்தது. அழற்சியின்போது ரத்தத்தில் உயரும் புரதங்கள் ஹோல்ஸ்டீனில் எக்கச்சக்கமாக ஏறின. சாகிவாலில் அடக்கமாக இருந்தன. காய்ச்சல், பசியின்மை, நலிவு ஆகியவற்றில் கணிசமான பங்கு ஒட்டுண்ணி நேரடியாகச் செய்வதல்ல. தொற்றுக்கு ஆளான வெள்ளணுக்கள் கொட்டும் அழற்சிப் பொருட்கள் செய்வது.

ஆக, கிருமி நாட்டு மாட்டுக்குள்ளும் நுழைகிறது. அதன் உடல் அளவோடு எதிர்வினை செய்து பிழைத்துக்கொள்கிறது. இந்த ஹயலோமா உண்ணியோடும் கிருமியோடும் திமில் மாடுகள் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததன் விளைவு அது என்று கருதப்படுகிறது. தருமபுரிக்கென்றே ஒரு திமில் மாடு இருக்கிறது: ஒகேனக்கல் வட்டாரத்துக் காவிரிக்கரை ஊரின் பெயரைத் தாங்கிய ஆலம்பாடி. உழவுக்கும் பாரம் இழுக்கவும் பேர்போன அந்த இனம் எண்ணிக்கையில் வெகுவாகக் குறைந்துவிட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதற்கென்றே இந்த மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. ராஸ்லினில் சாகிவாலிடம் கேட்ட கேள்வியை ஆலம்பாடியிடமும் பர்கூர் மாட்டிடமும் கேட்க வேண்டும். கறக்கும் பாலை மட்டும் வைத்து ஓர் இனத்தை எடைபோட்டால் இப்படிப்பட்ட செல்வம் கணக்கில் வராமலே போய்விடும்.

மற்ற மூன்றில் பபேசியாவையும் அனாபிளாஸ்மாவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இரண்டும் சிவப்பணுவை அழிக்கின்றன. ஆனால் அழியும் இடம் வேறு. பபேசியா பெருகி, ரத்தக்குழாய்க்குள்ளேயே சிவப்பணுவைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறது. உள்ளிருந்த சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் ரத்த நீரில் கொட்டி, சிறுநீரகம் வழியாக வடிகிறது. மாட்டு மூத்திரம் காப்பி நிறத்தில் போவது இதனால்தான். அனாபிளாஸ்மா சிவப்பணுவை உடைப்பதில்லை. கறைபட்ட அணுக்களை மண்ணீரல் இனங்கண்டு பிடித்து விழுங்குகிறது. நிறமி உள்ளேயே சிதைந்து மஞ்சளாகிறது. எனவே மூத்திரம் காப்பி நிறமாகாது. கண்ணும் ஈறும் வெளுத்து மஞ்சள் பாயும்.

ஓர் எச்சரிக்கை. காப்பி நிற மூத்திரம் என்றாலே பபேசியா என்று முடிவு கட்டக்கூடாது. கன்று ஈன்ற சில வாரங்களில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறைந்துபோன பசுவிலும் சிவப்பணு உடைந்து இதே நிறம் வரும். வெறும் காய்ந்த தட்டையே தீனியாகப் போடும் வறட்சிக் காலத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே ஒட்டுண்ணி மருந்து போட்டுப் பயனில்லை. கண்ணாடிக் குழாயில் மூத்திரத்தைப் பிடித்துச் சுழற்றினால் வேறொரு செய்தியும் கிடைக்கும்: சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது முழு ரத்தம், சிறுநீர்ப்பாதையில் எங்கோ புண், படியாமல் முழுதும் சிவந்தே நின்றால் கரைந்த நிறமி.

டிரிப்பனோசோமா அணுவுக்குள் புகுவதே இல்லை. ரத்த நீரில் நீந்துகிறது. 1880-இல் தேரா இஸ்மாயில் கானில், அன்றைய பஞ்சாபில், ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் ‘சர்ரா’ நோயில் இறந்துகொண்டிருந்த குதிரைகளின், ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டார். ரத்தத்தில் புழுப் போன்ற உயிர் இருந்தாலும் அது தீங்கற்றது என்பதே அப்போதைய பெரியவர்கள் கருத்து. எவன்ஸ் நோயுற்ற குதிரையின் ரத்தத்தை நல்ல விலங்குக்கு ஏற்றி, நோய் வருவதைக் காட்டினார். பாலூட்டிகளில் நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமா முதன்முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். மாட்டிலும் எருமையிலும் இது விட்டுவிட்டுக் காய்ச்சலாக வரும். தன் மேலுறைப் புரதத்தை அடிக்கடி மாற்றிக்கொள்வதால், உடல் ஓர் உறைக்கு எதிர்ப்புப் பொருள் தயாரித்து முடிப்பதற்குள் அடுத்த உறையோடு புதிய கூட்டம் கிளம்பிவிடுகிறது.

மனிதருக்கு வருமா என்று கேட்பீர்கள். தைலேரியா நம்மிடம் வாழாது. மாட்டுக்கு வரும் இந்த டிரிப்பனோசோமாவை நம் ரத்தத்திலுள்ள ஒரு புரதமே கொன்றுவிடும். 2004-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு இது தொற்றியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆராய்ந்ததில், அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு அவரிடம் பிறவியிலேயே பழுதாகியிருந்தது தெரியவந்தது. மருந்தால் அவர் குணமடைந்தார். மற்ற எல்லோரையும் காப்பது எது என்பது, காப்பில்லாத ஒருவரால் தெரிந்தது.

இப்போது கண்ணாடித் துண்டுக்கு வருவோம். காதோரத்து மயிரைக் கத்தரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஊசியால் குத்தி, வரும் சிறு சொட்டை ஸ்லைடில் வாங்கி, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் சாய்வாக இழுத்தால் ஓரத்தில் ஓர் அணு கனத்துக்கு மெலிந்த படலம் கிடைக்கும். காற்றில் உலரவிட்டு மெத்தனாலில் நனைத்து நிலைப்படுத்த வேண்டும். உலரும்வரை ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்; ஈ படலத்தையே தின்றுவிடும். ஜீம்சா சாயத்தில் அரைமணி ஊறியபின் கருப்பொருள் செவ்வூதாவாகவும் உடல் நீலமாகவும் பிரிந்து தெரியும். ஹாம்பர்க்கில் வேலை பார்த்த கஸ்டாவ் ஜீம்சா 1904-இல் செம்மைப்படுத்திய சாயம். இன்றும் அதற்கு மாற்று தேவைப்படவில்லை.

ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், பபேசியா ஒரே சிவப்பணுவுக்குள் கூர்முனை தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு பேரிக்காய் உருவங்கள். தைலேரியா அதைவிடச் சிறிது. மோதிரம் போலவும் காற்புள்ளி போலவும் இருக்கும். அனாபிளாஸ்மா சிவப்பணுவின் விளிம்பில் கருநீலப் புள்ளி. இங்கேதான் அனுபவம் பேசும். சாயத் துகளும் புள்ளிதான். ரத்தசோகையில் அவசரமாக வெளிவரும் இளம் சிவப்பணுக்களில் மிஞ்சிய கருத்துணுக்கும் புள்ளிதான். நுணுக்கத் திருகை லேசாகத் திருப்பும்போது மின்னினால் அது அழுக்கு. விளிம்பில் ஒட்டி, ஒரே அளவில், பல அணுக்களில் தெரிந்தால் அனாபிளாஸ்மா. டிரிப்பனோசோமாவுக்குச் சாயமே வேண்டாம்: புது ரத்தத்தின் மேல் கண்ணாடிச் சில்லை மூடிப் பார்த்தால் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நெளிவது தெரியும். தைலேரியாவின் பல்கருவுருவைப் பார்க்க வேண்டுமானால் காதுரத்தம் போதாது. நெறி கட்டிய கணுவிலிருந்து ஊசியால் சிறிது நீரை எடுத்துப் பூசினால், வெள்ளணுவுக்குள் நீலத்திட்டும் அதனுள் செம்பொட்டுகளும் தெரியும். அதை உலகம் ‘காக் நீலப்பொருள்’ என்கிறது, ராபர்ட் காக் நினைவாக.

ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தால் மாடு தப்பித்ததா? கேழ்வரகு மூட்டையில் கல் கிடக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பரப்புகிறோம். கல் நிறைய இருந்தால் முதல் பிடியிலேயே தெரியும். மூட்டைக்கு நாலைந்து கல்தான் என்றால் பிடி சுத்தமாக இருக்கும். பல்லில் படும்போதுதான் தெரியும். ரத்தத்தின் கணக்கு இப்படிப் போகிறது: மாட்டு ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 60 லட்சம் சிவப்பணுக்கள். ஒரு பொறுமையான ஆய்வாளர் நுண்ணோக்கியில் நூறு பார்வைப் புலங்களை ஓட்டினால் பார்ப்பது ஏறத்தாழ 20,000 அணுக்கள். லட்சத்தில் ஒரு சிவப்பணுவில் கிருமி இருந்தால் அவர் பெரும்பாலும் எதையும் காண மாட்டார். ஆனால் 20 லிட்டர் ரத்தம் ஓடும் அந்தப் பசுவுக்குள் சுமார் 120 கோடி ஒட்டுண்ணிகள் இருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே பி.சி.ஆர். கிருமிக்கு மட்டுமே உரிய டி.என்.ஏ. துண்டு ஒன்றைத் தேர்ந்து, சூடாக்கியும் குளிரவைத்தும் அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கிறார்கள். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். பிறகு அதைக் காண்பது எளிது. 1990-களின் நடுவில் தைலேரியாவின் மேற்பரப்புப் புரத மரபணுவைக் குறிவைத்து இது வந்தபோது, நோய்சுமப்பி மாடுகள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. நுண்ணோக்கியில் சுத்தமாகத் தெரிந்த மாடுகளிலும் கிருமி இருந்தது.

ஆனால் நுண்ணிய சோதனை என்பதற்காகவே அதன் சொல்லை வேதவாக்காக எடுக்கக்கூடாது. நன்றாகத் தின்று, நன்றாகக் கறக்கும் மாட்டில் பி.சி.ஆர். கிருமியைக் காட்டினால் அது பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம். அதற்காக ஊசி போட வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடக்கும் மாட்டில் ஸ்லைடில் ஒரே ஒரு தைலேரியா தெரிந்தாலும், காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கலாம். கணுவில் பல்கருவுரு தெரிகிறதா, எத்தனை அணுக்களில் கிருமி இருக்கிறது, ரத்தத்தில் அணுக்களின் பங்கு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று சேர்த்துப் பார்ப்பவரே நல்ல மருத்துவர். இயல்பாக அந்தப் பங்கு 24 முதல் 46 விழுக்காடு. இதைச் சொல்லும் கருவி மெல்லிய கண்ணாடிக் குழலைச் சுழற்றும் சிறு இயந்திரம்தான். எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் அது இருக்க வேண்டும் என்பேன்.

மருந்துகளைப் பார்த்தால் இந்தப் பாடு எதற்கு என்பது விளங்கும். தைலேரியாவுக்கு பூபார்வகுவோன். பபேசியாவுக்கு டிமினசின். அனாபிளாஸ்மாவுக்கு ஆக்சிடெட்ராசைக்ளின். டிரிப்பனோசோமாவுக்கு குயினாபிரமின் போன்றவை. காய்ச்சல் என்றதும் கையில் கிடைத்த ஆக்சிடெட்ராசைக்ளினைப் போட்டுவிட்டு மூன்று நாள் காத்திருப்பது ஊர்களில் சாதாரணம். நோய் அனாபிளாஸ்மா என்றால் பசு தேறும். முற்றிய தைலேரியா என்றால் அந்த மூன்று நாளில் வெள்ளணுக்கள் பலமுறை பிளந்திருக்கும். அரைகுறை அளவில் பூபார்வகுவோன் போடுவது அதைவிடக் கெடுதல். துனிசியா போன்ற நாடுகளில் அந்த மருந்துக்கு அடங்காத தைலேரியா கண்டறியப்பட்டுவிட்டது; மருந்து பிடித்துக்கொள்ளும் புரதத்தின் மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றமே அதற்குக் காரணம்.

தடுப்பூசியும் உண்டு, அது பிறந்த வழி அருமையானது. வெள்ளணுவை ஓயாமல் பிளக்கவைக்கும் அதே கெட்ட குணத்தால், தொற்றுண்ட வெள்ளணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் ஆண்டுக்கணக்கில் வளர்க்க முடிகிறது. அப்படி வளர்த்துக்கொண்டே போனால் ஒட்டுண்ணி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழக்கிறது. இந்தியாவில் ‘ரக்ஷாவாக்-டி’ என்ற பெயரில் ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் தயாரித்தது இந்த வகைதான். உயிருள்ள செல் என்பதால் மைனஸ் 196 பாகையில், சினை ஊசிக்கான விந்துக்குச்சிகள் இருக்கும் அதே திரவ நைட்ரஜன் கலனில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலன் ஏற்கெனவே ஊர் ஊராகப் போகிறது என்பது நல்ல வாய்ப்பு.

கட்டுத்தரையில் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. ஹயலோமா உண்ணியின் குஞ்சுகள் குடித்து நிறைந்ததும் மாட்டிலிருந்து இறங்கிச் சுவர் இடுக்கில் ஒளிந்து தோலுரித்து வளரும். கல் அடுக்கி மண் பூசிய பழைய கொட்டகைச் சுவர் அவற்றுக்குத் தோதான இடம். விரிசலைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுவது, மாட்டின் மேல் மருந்து தெளிப்பதற்குச் சமமான வேலை. இன்னொரு செய்தியும் நமக்குச் சாதகம். ஹயலோமா கடித்தவுடனே தைலேரியா மாட்டுக்குள் போய்விடுவதில்லை. உண்ணியின் எச்சில் சுரப்பியில் கிருமி முதிர இரண்டு மூன்று நாள் ஆகிறது. தினமும் காது, மடி, வால் அடி, தொடையிடுக்கு என்று தடவி உண்ணி பிடுங்கும் வீட்டுப் பெண்கள் செய்வது சரியான அறிவியல்.

மாடு தீனியை விட்டு, உடம்பு சுட்டு, தோளருகே நெறி தட்டுப்பட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியும் வரும். ஊசி போடுவதற்கு முன்பாக ஸ்லைடு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்த ரத்தத்தில் கிருமி மறைந்துவிடக்கூடும், பிறகு ஸ்லைடைப் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். அவசரத்தில் மருத்துவர் உடனே ஊசி போட வேண்டியிருந்தாலும் ஸ்லைடு இழுக்க இரண்டு நிமிடம் போதும். அதை மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பலாம். சிகிச்சை பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை அந்த ஸ்லைடுதான் சொல்லும்.